நீங்க கேக்கலையே!

"நீங்க கேக்கலையே சேட்டா, அதான் சொல்லல."

பழைய பைக் வாங்கப் போன யார் காதிலயாவது இந்தப் பேச்சு விழாம இருந்திருக்கா? எனக்கு இப்பல்லாம் இதைக் கேட்டாலே ரத்தம் சூடாகுது. பழைய வண்டின்னா கோளாறு இருக்கும், அது எனக்கும் தெரியும். கோளாறை மறைச்சு வச்சு, நாம கண்டுபிடிச்ச பிறகும் முகத்துல ஒரு வாட்டம்கூட இல்லாம, மொத்தத் தப்பையும் நம்ம தலையில கட்டறாங்களே, அதைத்தான் தாங்க முடியல. கேக்காதது என் குத்தமாம்!

நான் இருக்கறது மட்டாஞ்சேரியில, பாண்டிக்குடி பக்கம். சொந்த ஊர் தேனி. கொச்சியில கிளம்புற என்.எச். 85 கோதமங்கலம், நேரியமங்கலம், அடிமாலி, மூணாறு, போடிமெட்டுன்னு ஏறி இறங்கி எங்க ஊர் வழியாத்தான் மதுரைக்குப் போகுது. நல்ல டூரிங் பைக் ஒண்ணு இருந்தா விடியக்காலையில கிளம்பி, மத்தியானச் சாப்பாட்டுக்கு அம்மா கையால சோறு வாங்கிடலாம். புது வண்டி விலை கைக்கு எட்டல. சரி, பழைய ஹிமாலயன் 411, இல்லன்னா டாமினார் 400, கொஞ்சம் இறங்கி வந்தா பழைய தண்டர்பேர்ட், எதுவா இருந்தாலும் நம்பி மலை ஏத்தற மாதிரி ஒண்ணு கிடைச்சாப் போதும்னு தேட ஆரம்பிச்சேன்.

சுள்ளிக்கல்ல ஒரு ஹிமாலயன். விளம்பரத்துல 'கண்டிஷன் பக்கா, அஞ்சு பைசா வேலை இல்ல'ன்னு போட்டிருந்தது. முந்தின நாளே போன் பண்ணி, "நான் வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க தம்பி"ன்னு சொல்லி வச்சிருந்தேன். காலையில போய் இன்ஜின் மேல கையை வச்சா சுடுது. "இப்பத்தான் அம்மா பால் வாங்கிட்டு வரச் சொன்னாங்க, கடைக்குப் போயிட்டு வந்தேன்." பால் வாங்க வேற நாளே கிடைக்கலையா?

ராத்திரி முழுக்க நின்ன வண்டியை ஏன் பாக்கணும்னு கேக்கறவங்களுக்காகச் சொல்றேன். நிக்க நிக்க ஆயில் எல்லாம் வடிஞ்சு கீழ போய்ச் சேர்ந்துடும். அந்த நிலையில முதல் தடவை செல்ஃப் அடிக்கும்போதுதான் டைமிங் செயின் கடகடங்குதா, டாப்பெட் அடிக்குதா, பேட்டரி முக்குதான்னு தெரியும். சைலன்சர்ல நீலப் புகை வந்தா ஆயில் எரியுதுன்னு அர்த்தம்: பிஸ்டன் ரிங்கோ வால்வ் சீலோ தேய்ஞ்சிருக்கு. பத்து நிமிஷம் ஓடிச் சூடேறிட்டா இதுல பாதி அடங்கிடும். விக்கறவங்க எல்லாருக்கும் இது தெரியும். தெரிஞ்சுதான் நாம வர்றதுக்கு முன்னாடியே வண்டியைச் சூடாக்கி வைக்கறாங்க. சின்ன விஷயம்தானேன்னு தோணும். ஒருத்தர் நேர்ல வந்து பாக்கறதுக்கு முன்னாடியே அவரை ஏமாத்த ஏற்பாடு பண்றது சின்ன விஷயமா?

என்கூட ஒரு ஆசான் வந்திருந்தார். மெக்கானிக்கை இங்க அப்படித்தான் கூப்பிடுவாங்க. புல்லட்டுக்கு பாயின்ட் செட் பண்ற காலத்துல இருந்து ஸ்பானர் பிடிச்ச மனுஷர். டாங்க்கோட பளபளப்பை அவர் ஏறெடுத்தும் பாக்கல. நேரா முன்பக்கம் போய் ஸ்க்ரூவைத் திருகி ஹெட்லைட்டைக் கழட்டி முன்னால இழுத்தார். உள்ள ஒயர் எல்லாம் கட்டுக்கட்டா கிடக்குது. ஒரு ஓரத்துல விரலை விட்டு வழிச்சு வெளிச்சத்துல காட்டினார். சாம்பல் நிறத்துல, சலிச்ச மாவு மாதிரி நைஸான மண்ணு. கனெக்டர் ஒண்ணைப் பிரிச்சா உள்ள செம்புக் கம்பி பச்சை பூத்துக் கிடக்கு. சீட்டைக் கழட்டினார். ஃபியூஸ் பாக்ஸ் மூலையிலயும் அதே மண்ணு.

"மழையில ஓட்டின வண்டி ஆசானே, கேரளாவுல மழை பெய்யாதா?"ன்னு பையன் கேக்கறான்.

ஆசான் குரலை உயர்த்தல. "மழைத் தண்ணி மேலேருந்து விழும், வழிஞ்சு போயிடும். வண்டல் விட்டுட்டுப் போறது ஆத்துத் தண்ணி மோனே"ன்னார்.

அப்பத்தான் நான் நம்பர் பிளேட்டைச் சரியாப் பாத்தேன். கேஎல் 42. வட பரவூர் ஆபீஸ் கொடுக்கற நம்பர். ஆர்சியை வாங்கிப் பாத்தா 2018 தொடக்கத்துல ரெஜிஸ்டர் ஆகியிருக்கு. "2018 வெள்ளத்துல இந்த வண்டி மூழ்கிச்சா?"ன்னு நேராக் கேட்டேன். பையன் போனைத் தடவறான். "நான் செகண்ட் ஓனர். எனக்கு வித்தவர் அப்படி ஏதோ சொன்னாரு"ன்னு மெதுவா வருது பதில். தெரிஞ்சுமா சொல்லலன்னு கேட்டப்ப வந்ததுதான் முதல்ல எழுதின அந்தப் பேச்சு. கூடவே, "வேணும்னா பத்தாயிரம் குறைச்சுக்கறேன்."

2018 ஆகஸ்ட் யாருக்கு மறக்கும்? 9-ம் தேதி இடுக்கி அணைக்காக செறுதோணி ஷட்டரைத் தூக்கினாங்க, 26 வருஷத்துக்கு அப்புறம். அடுத்த வாரம் பெரியாறு ஊருக்குள்ள புகுந்தது. கொச்சி ஏர்போர்ட்டை 15-ம் தேதி மூடினவங்க 29-ம் தேதிதான் திறந்தாங்க. ஆலுவா, பரவூர், அந்தப் பக்கம் செங்கன்னூர், குட்டநாடுன்னு வீடுகளே முங்கிக் கிடந்தப்ப வாசல்ல நின்ன பைக்குக்கு என்ன கதி? வண்டியைப் பறிகொடுத்தவங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. அவங்க பட்டது போதும். அதுக்கப்புறம் நடந்த வியாபாரத்தைத்தான் சொல்றேன். இன்சூரன்ஸ் கம்பெனி மொத்த நஷ்டம்னு முடிச்ச வண்டி ஏலத்துக்கு வரும். ஒருத்தர் கிலோ கணக்குல வாங்கற விலையில எடுப்பார், கழுவுவார், பாலிஷ் போடுவார், ஓடற அளவுக்குத் தட்டி நிமிர்த்தி வித்துடுவார். அந்த வண்டி தண்ணிக்குள்ள கிடந்ததுன்னு ஆர்சியில ஒரு வரி இருக்கா? கிடையாது. அமெரிக்காவுல பல மாநிலங்கள்ல வெள்ளத்துல மூழ்கின வண்டிக்கு ஓனர்ஷிப் பேப்பர்லயே முத்திரை குத்திடறாங்க, அது அந்த வண்டியோட கடைசி வரைக்கும் கூடவே போகும். நமக்கு 2015 டிசம்பர்ல சென்னை மூழ்கிச்சு, 2018-ல கேரளா மூழ்கிச்சு, 2023 டிசம்பர்ல மிக்ஜாம் வந்து மறுபடியும் சென்னை மூழ்கிச்சு. இத்தனைக்கும் அப்புறம்கூட அந்த ஒரு முத்திரை நம்ம யோசனைக்கு வரல.

தண்ணி வடிஞ்சிட்டா வண்டி சரியாயிடும்னு நினைக்கறவங்க இருக்காங்க. ஏர் ஃபில்டர் வழியா சிலிண்டருக்குள்ள தண்ணி போயிருக்கும்போது செல்ஃப் அடிச்சா, பிஸ்டனால தண்ணியை அமுக்க முடியாது. கனெக்டிங் ராட் வளைஞ்சுடும். லேசா வளைஞ்சிருந்தா வண்டி ஓடவும் செய்யும், தொப்பும்படி பாலம் வரைக்கும் ஒண்ணுமே தெரியாது. ஆயில்ல தண்ணி கலந்திருந்தா ஆயில் வெளுத்து நுரைச்சுக் கிடக்கும். அதை மாத்திட்டா அந்தச் சாட்சியும் போச்சு. பேரிங்குக்குள்ள புகுந்த வண்டல் கிரீஸோட சேர்ந்து நாள் முழுக்க அரைச்சுக்கிட்டே இருக்கும். ஒயரிங் எந்த மாசம், எந்த வளைவுல கைவிடும்னு யாராலயும் சொல்ல முடியாது. ராத்திரி மூணாறு கேப் ரோட்டுல பனிமூட்டத்துக்குள்ள ஹெட்லைட் அணைஞ்சா என்ன செய்யறது? பத்தாயிரம் குறைச்சுக்கிட்டா அதுக்கு ஈடாயிடுமா?

ஆத்து வெள்ளம் வராத இடத்துல கடல் இருக்கு. மட்டாஞ்சேரி, செல்லானம், கும்பளங்கி, வைப்பின், எந்தப் பக்கம் திரும்பினாலும் உப்புக் காத்து. கடல் மட்டம் ஏறுற நேரத்துல உப்புத்தண்ணி முற்றத்துக்கே வர்ற வீடுகள் இங்க எத்தனையோ. அங்க நின்ன வண்டியோட ஸ்போக் நிப்பிள், டாங்க்குக்கு அடியில இருக்கற சேஸிஸ் குழாய், சைலன்சரோட அடிவயிறு எல்லாம் உள்ளுக்குள்ளயே தின்னு போயிருக்கும். மேல புதுசா கறுப்புப் பெயின்ட் மட்டும் மின்னும். பழைய வண்டியில சேஸிஸ் மட்டும் ரொம்பப் புதுசாத் தெரிஞ்சா எனக்கு இப்ப பயம்தான் வருது.

அடுத்தது மீட்டர். கிலோமீட்டர் 14,000 காட்டும். ஃபுட்ரெஸ்ட் ரப்பர் வழுக்கையாயிருக்கும், கியர் லிவர் ரப்பர்ல வரியே இருக்காது, இண்டிகேட்டர் சுவிட்ச் மேல இருந்த படம் அழிஞ்சு போயிருக்கும், டிஸ்க்ல விரலை ஓட்டினா ஓரத்துல விளிம்பு கட்டியிருக்கும். டயர்ல நாலு இலக்க எண் ஒண்ணு இருக்கும். 3219-ன்னா 2019-ல 32-வது வாரம் செஞ்சதுன்னு அர்த்தம். வண்டியைவிட டயர் புதுசா இருக்கும். 14,000 கிலோமீட்டர் ஓடின வண்டிக்கு எதுக்கு இதுக்குள்ள ரெண்டாவது ஜோடி டயர்? கேட்டா, "சும்மா மாத்தினேன்." அந்தக் காலத்துல கேபிளைக் கழட்டி விட்டு ஓட்டுவாங்க. இப்ப டிஜிட்டல் மீட்டர், லேப்டாப்பை மாட்டி வேண்டிய எண்ணைப் போட்டுக்கறாங்க, இல்லன்னா மீட்டரையே மாத்திடறாங்க.

பெல்ஜியத்துல இதுக்கு ஒரு வழி பண்ணியிருக்காங்க. 2006-ல இருந்து கார்-பாஸ்னு ஒரு ஏற்பாடு. கார் கராஜுக்குப் போற ஒவ்வொரு தடவையும் அன்னைக்கு மீட்டர் காட்டற கிலோமீட்டர் ஒரே இடத்துல பதிவாகும். பழைய காரை விக்கறவர் அந்தப் பட்டியலை வாங்கறவர் கையில கொடுத்தே ஆகணும். இது என்ன ராக்கெட் விஞ்ஞானமா? வருஷா வருஷம் புகை சர்ட்டிஃபிகேட் எடுக்க நாம வண்டியைக் கொண்டு போறோம்ல, அங்கயே மீட்டரை ஒரு போட்டோ எடுத்து ஏத்திட்டா முடிஞ்சது. நம்ம நாட்டுல சொந்த உபயோக பைக்கை ரெஜிஸ்டர் பண்ணிட்டா 15 வருஷத்துக்கு அதோட பிரேக் பிடிக்குதா, சேஸிஸ் ஒடிஞ்சிருக்கான்னு அரசாங்கம் ஒரு தடவைகூடப் பாக்காது. 15 வருஷம் முடிஞ்சு ரெஜிஸ்ட்ரேஷனைப் புதுப்பிக்கப் போனாத்தான் வண்டியைக் கொண்டு வான்னு சொல்லும். அதுக்குள்ள அந்த வண்டி எத்தனை கை மாறியிருக்கும், எத்தனை பேர் மலை ஏறியிருப்பாங்க!

'சிங்கிள் ஓனர்'னு ஒரு பெருமை வேற. ஃபோர்ட் கொச்சியில இருக்கறவங்களுக்கு இந்தப் பெருமையோட மறுபக்கம் நல்லாவே தெரியும். சுற்றுலா வர்றவங்களுக்கு வாடகை பைக் கொடுக்கறதுக்கு 1997-லயே மத்திய அரசு ஒரு திட்டம் வகுத்திருக்கு. லைசென்ஸ் எடுக்கணும், கறுப்புப் பலகையில மஞ்சள் எழுத்துல நம்பர் எழுதணும். ஒழுங்கா அப்படி நடத்தறவங்க இருக்காங்க. வெள்ளைப் பலகை வண்டியைச் சத்தமில்லாம வாடகைக்கு விடறவங்களும் இருக்காங்க. ஆர்சியில ஒரே பேருதான். ஆனா சீசன் முழுக்க ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு கை. இவருக்கு கிளட்சை எங்க விடணும்னு தெரியாது, அவருக்கு நம்ம ரோட்டுப் பள்ளம் பழக்கமில்ல. பள்ளத்துல விட்டது, செவுத்துல சாச்சது, ஆயில் குறைஞ்சது தெரியாம வாகமன் வரைக்கும் முறுக்கினது எல்லாம் அந்த வண்டி உடம்புல இருக்கும். கடைசியில அது 'சிங்கிள் ஓனர், வீட்டு உபயோகம்'னு விலைக்கு வரும்.

சும்மா கடைக்குப் போக ஸ்கூட்டர் வாங்கறவரை ஏமாத்தினா வழியில நின்னுபோகும், தள்ளிக்கிட்டு வந்துடலாம். டூரிங் வண்டி அப்படியா? ரெண்டு பேர், பின்னால ரெண்டு பக்கமும் பை, மழை, இறக்கம், எதிர்ல பஸ். அந்த வண்டியில பாக்க வேண்டியது பளபளப்பு இல்லாத இடங்கள்ல இருக்கு. சென்டர் ஸ்டாண்ட் போட்டு முன் சக்கரத்தைத் தூக்கச் சொல்லி, ஹேண்டிலை ஒரு விரலால மெதுவா இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பணும். நடுவுல வந்ததும் 'டக்'குன்னு உக்காருற மாதிரி இருந்தா ஹேண்டில் பேரிங்கான கோன்செட் போச்சு. அந்த வண்டி வளைவுல நாம நினைச்ச இடத்துக்குப் போகாது, அது நினைச்ச இடத்துக்குத்தான் போகும். ஃபோர்க் குழாய் ரெண்டையும் கீழ உக்காந்து ஒரே நேர்ல பாக்கணும். பின் சக்கரத்தைப் பக்கவாட்டுல பிடிச்சு ஆட்டினா ஸ்விங் ஆர்ம் புஷ் கதை சொல்லும். ரிம் கோட்டம் இருக்கான்னு பாக்க ஸ்க்ரூ டிரைவர் நுனியை ரிம் ஓரத்துல வச்சு சக்கரத்தைச் சுத்தி விட்டாலே போதும்.

இதுக்கெல்லாம் மேல, ரெண்டு வெல்டிங்கைக் கண்ணை மூடிக்கிட்டுத் தாண்டக் கூடாது. ஒண்ணு பின்னால சுமை தாங்கற சப்-ஃப்ரேம். பெட்டி, பை, டெண்ட் எல்லாத்தையும் கட்டி லடாக் வரைக்கும் போயிட்டு வந்த வண்டியில அங்கதான் விரிசல் விடும். இன்னொண்ணு ஹேண்டிலுக்குக் கீழ இருக்கற சேஸிஸ் கழுத்து. நேருக்கு நேர் மோதின வண்டி அங்க சுருங்கும், பெயின்ட் உதிரும். அதை வெல்டு வச்சு, ராவி, பெயின்ட் அடிச்சு விக்கறவங்க இருக்காங்க. ஆசான் டார்ச்சை வச்சுக்கிட்டுப் பெருவிரலால அந்தக் கழுத்தைச் சுத்தித் தடவிப் பாப்பார். கம்பெனி வெல்டிங் சீரா வரியோடும். பட்டறை வெல்டிங் கட்டி கட்டியா விரல்ல தட்டும். அந்தக் கட்டியை ராவினவருக்குத் தெரியும், இந்த வண்டியில நாளைக்கு ஒரு ஆணும் அவர் பின்னால ஒரு பொண்ணும் உக்காந்து போடிமெட்டு இறங்குவாங்கன்னு. தெரிஞ்சே ராவியிருக்கார். இதுக்குப் பேரு வியாபாரமா?

ஓட்டிப் பாக்கலாம்னா அதுக்கும் தடை. "இந்தச் சந்து வரைக்கும் போதும் சேட்டா." கொச்சியே சமதரை. ஏத்தம்னு சொன்னா பாலம்தான். கிளட்ச் வழுக்குதா, இன்ஜின் இழுக்குதான்னு தெரிய அந்தப் பாலத்து ஏத்தத்துலயாவது பெரிய கியர்ல முறுக்கிப் பாக்கணும். ஒரு லட்சத்துக்கு மேல கொடுக்கறவர் ஒரு பாலம் ஏறி இறங்கக்கூடாதா? சாவியைக் கையில கொடுக்கும்போதே அவங்க முகம் மாறுது.

பேப்பர் விஷயம் தனிக் கொடுமை. படிவம் 29, படிவம் 30 ரெண்டுலயும் வெறும் கையெழுத்தை மட்டும் போட்டுக் கொடுத்துடறாங்க. பேரில்லாத அந்தப் பேப்பரோட வண்டி நாலஞ்சு கை மாறுது. மோட்டார் வாகனச் சட்டம் 50-வது பிரிவு, ஒரே மாநிலத்துக்குள்ளன்னா வித்தவர் 14 நாளுக்குள்ள தெரிவிக்கணும், வாங்கினவர் 30 நாளுக்குள்ள மாத்திக்கணும்னு சொல்லுது. அப்படியெல்லாம் கைமாறின ஒரு வண்டி வழக்குல 2018 பிப்ரவரியில சுப்ரீம் கோர்ட் தெளிவாச் சொல்லிடுச்சு: ஆர்சியில யார் பேர் இருக்கோ அவர்தான் ஓனர், விபத்து நஷ்டஈடு அவர் தலையிலதான். வித்தவருக்கே இதுல இவ்வளவு ஆபத்து இருக்கு, ஆனாலும் கையெழுத்துப் போட்ட வெத்துப் பேப்பரை நீட்டறாங்க! 2023 ஏப்ரல்ல இருந்து பழைய வண்டி வியாபாரிங்க அங்கீகாரம் வாங்கணும், அவங்க கைக்கு வந்த வண்டியை ஆன்லைன்ல தெரிவிக்கணும்னு விதி வந்துடுச்சு. "அங்கீகாரம் இருக்கா?"ன்னு கேட்டுப் பாருங்க, வேற கடை பாருங்கன்னு சொல்லிடுவாங்க. லோன் அடைச்சதுக்கு பேங்க் என்ஓசி இருக்கா, 2023 ஜூன்ல இருந்து ஃபைன் போட ஆரம்பிச்ச ஏஐ கேமரா எத்தனை தடவை பிடிச்சிருக்கு, எல்லாத்தையும் பரிவாஹன் வெப்சைட்ல நாமளே நோண்டிப் பாக்கணும். அவங்களா வாயைத் திறந்து சொல்ல மாட்டாங்க.

சரி, சட்டமாவது நம்ம பக்கம் நிக்குதான்னு பாத்தேன். பாத்த பிறகுதான் கோபம் இன்னும் கூடிச்சு. 1872-ல எழுதின இந்திய ஒப்பந்தச் சட்டம், 17-வது பிரிவு. மோசடின்னா என்னன்னு சொல்ற பிரிவு. அதுல கொடுத்திருக்கற உதாரணம் ஒரு குதிரை வியாபாரம். ஒருத்தர் குதிரையை ஏலத்துல விக்கறார். அதுக்கு உடம்பு சரியில்லன்னு அவருக்குத் தெரியும். வாயைத் திறக்கல. சட்டம் என்ன சொல்லுது? இது மோசடி இல்ல. அடுத்த உதாரணம்: வாங்கறது அவரோட சொந்த மக, இப்பத்தான் மேஜரானவ. அப்பன்னா சொல்லியாகணும், உறவு அப்படி. மகளுக்குன்னா சொல்லணும். ஊரார் பிள்ளைக்குச் சொல்ல வேண்டாம்! அந்தக் குதிரைக்குப் பதிலா இப்ப ஹிமாலயன் நிக்குது, மத்ததெல்லாம் அப்படியேதான் இருக்கு. சுள்ளிக்கல் பையன் சட்டம் படிச்சிருக்க மாட்டான். ஆனா அவன் சொன்னது 150 வருஷமா இந்த நாட்டுல சட்டமாவே நிக்குது.

அதே பிரிவுல மூணாவது உதாரணம் ஒண்ணு இருக்கு. அது நமக்கு உதவும். வாங்கறவர், "நீங்க மறுக்கலன்னா குதிரை நல்லா இருக்குன்னு எடுத்துக்கறேன்"னு சொல்றார். விக்கறவர் பேசாம இருக்கார். இப்ப அந்த மௌனமும் பேச்சாவே கணக்கு. இதைப் படிச்ச நாள்ல இருந்து நான் வண்டி பாக்கப் போறதுக்கு முன்னாடி வாட்ஸ்அப்ல ஒண்ணு அனுப்பறேன். 'இந்த வண்டி வெள்ளத்துல மூழ்கல, சேஸிஸ்ல வெல்டிங் இல்ல, மீட்டர் மாத்தல, வாடகைக்கு ஓடல. இப்படி நம்பித்தான் வாங்க வர்றேன். இதுல எது தப்புன்னாலும் இப்பவே சொல்லிடுங்க.' நீங்களும் அனுப்புங்க. எழுத்துல இருக்கட்டும். அதுக்காக டார்ச்சை வீட்டுல வச்சுட்டுப் போயிடாதீங்க. சாதாரணமாப் பாத்தாலே தெரிஞ்சிருக்கும்னா, மௌனத்தைக் காட்டி ஒப்பந்தத்தை ரத்து பண்ண முடியாதுன்னு 19-வது பிரிவு கதவைப் பாதி சாத்தி வச்சிருக்கு.

அந்த மெசேஜுக்கு வர்ற பதில் இருக்கே! பாதிப் பேர்கிட்டருந்து நீல டிக் மட்டும் வரும். சிலர் பிளாக் பண்ணிடறாங்க. ஒருத்தர் போன் பண்ணி, "இவ்வளவு சந்தேகம்னா நீங்க ஷோரூம்ல போய் புதுசு வாங்குங்க"ன்னு சத்தம் போட்டார். உண்மையைச் சொல்லுங்கன்னு மரியாதையாக் கேட்டா, அவரை அவமானப்படுத்திட்டதாக் கோபம் வருது. பொய் சொன்னதுக்கு வராத கூச்சம், கேள்வி கேட்டதும் எங்கருந்து வருது?

கடைசியா கப்பலண்டிமுக்குப் பக்கம் ஒரு இக்கா. பஜார் ரோட்டுல மசாலா குடோன்ல கணக்குப் பாக்கறவர். மெசேஜுக்குப் பதிலா ஒரு தாளை போட்டோ எடுத்து அனுப்பினார், மலையாளத்துல, கையெழுத்துல. வாகமன்ல ஒரு தடவை விழுந்தது, வலது ஃபோர்க் குழாய் மாத்தினது, பில் இருக்கு. கோன்செட் மறுபடியும் மாத்தணும். கிளட்ச் பிளேட் இந்த மழைக்காலம் தாங்காது. செயின் செட் முடிஞ்சது. ஃபாக் லைட்டுக்கு ஒயரை அறுத்துச் சேர்த்திருக்கு, டேப் சரியாச் சுத்தல. காலையில நாங்க போறப்ப இன்ஜின் ஜில்லுன்னு இருந்தது. ஆசான் ஹெட்லைட்டைக் கழட்டிப் பாத்தார், சேஸிஸ் கழுத்தைத் தடவிப் பாத்தார், தாள்ல எழுதினதுக்கு மேல ஒண்ணும் கிடைக்கல.

அந்த வண்டி மாசக்கணக்கா விக்காம நின்னிருக்கு. வந்தவங்க எல்லாம் அந்தத் தாளையே காட்டி விலையை அடிச்சிருக்காங்க, அப்புறம் போய் பாலிஷ் போட்ட வேற வண்டியை அதிக விலைக்கு வாங்கியிருக்காங்க. "இதையெல்லாம் எதுக்கு மாமா எழுதி வைக்கறீங்க, வர்றவங்க பயந்து ஓடறாங்க"ன்னு அவர் மருமகனே சண்டை போட்டானாம். உண்மை சொன்னவரைத் தண்டிக்கறதுல வாங்கறவங்களுக்கும் பங்கு இருக்கு. அதையும் சொல்லியாகணும்ல?

நான் அந்த வண்டியை எடுத்துட்டேன், அவர் கேட்ட விலைக்கே. பேரம் பேச மனசு வரல. கோன்செட், கிளட்ச் பிளேட், செயின் செட் மூணையும் ஆசான் மாத்தினார், ஒயரிங்கைப் பிரிச்சு ஒழுங்காச் சேர்த்தார். என்ன செலவாகும்னு முன்னாடியே தெரிஞ்சதால கையில அதுக்குப் பணம் ஒதுக்கி வச்சிருந்தேன்.

பக்கத்து வீட்டு அண்ணன் வந்து வண்டியைச் சுத்திப் பாத்துட்டு, "இத்தனை குறைன்னு அவனே எழுதிக் கொடுத்த வண்டியைப் போய் எடுத்திருக்கியே?"ன்னு எனக்குப் புத்தி சொல்றார். அவர் மகனுக்கும் போன மாசம்தான் ஒண்ணு வாங்கிக் கொடுத்திருக்கார். அதுல குறையே இல்லையாம். எப்படித் தெரியும்னு கேட்டேன். வித்தவர் ஒண்ணும் சொல்லலையாம். பையன் வர்ற ஞாயித்துக்கிழமை கூட்டாளியைப் பின்னால உக்கார வச்சுக்கிட்டு மூணாறு கிளம்பறான். அதுக்குள்ள ஒரு தடவை முன் சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலைத் திருப்பிப் பாத்துடலாம், ஆசானை நானே கூட்டிட்டு வர்றேன், அஞ்சு நிமிஷ வேலை அண்ணேன்னு தினமும் சொல்லிக்கிட்டு இருக்கேன்.